சாவு வீட்டில் அம்மா சொன்ன வழி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுதி செய்துகொண்ட செய்திகளை மட்டுமே இதில் எழுதியிருக்கிறேன். அம்மா சொன்னதை, அங்கே இருந்த வேறொருவரும், அம்மாவைக் கலக்காமல் தனியே சொல்லியிருந்தால் அதனை ஏற்றுக்கொண்டேன். என் கண்ணால் கண்டதை ஏற்றுக்கொண்டேன். அம்மா ஒருவர் மட்டுமே சொன்ன இடங்களில் அப்படியே குறித்திருக்கிறேன். நெஞ்சை உருக்கும் செய்திகள் பல, சான்று ஒன்று குறைந்தமையால், வெளியே நிற்கின்றன.

இத்துணைக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இதில் ஒரு சொல் பிழைத்தாலும், முழுவதையும் பொய்யென்று தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாய்ப்பை அவர்களுக்கு நான் தரமாட்டேன். அவர்கள் வீட்டுக்கும் இம்மலரின் படி ஒன்று போகிறது. என் தம்பி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த வீட்டின் பெயரை நான் எழுதவில்லை. அஞ்சியோ இரங்கியோ விட்டேன் என்று எவரும் எண்ண வேண்டா. அம்மாவின் படம் அச்சான தாளில் அப்பெயர் ஏறக் கூடாது என்பதே காரணம். இக்கட்டுரையில் பெரியோர் யாவரும் மரியாதையோடு சுட்டப்படுவர், ஒருவனைத் தவிர.

அம்மா பிறந்தது தளிக்கு மேற்கே, பழைய மைசூர் எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் கடைசிக் குடிசை வரிசையில். பிறந்த ஆண்டு தெரியாது. அவரைக்காய் பறிக்கும் பனிக்காலத்தில் பிறந்தார் என்பது மட்டும் தெரியும். அவர் பிறக்கும்போதே அவருடைய உழைப்பு, ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பெரிய வீட்டுக்கு உரியதாய் இருந்தது. எங்கள் பக்கத்தில் இதனை ஜீதம் என்பார்கள். சொல் கன்னடம், சுமை எம்முடையது. பஞ்ச காலத்தில் குடும்பத் தலைவர் ஒருவர் பெரிய வீட்டில் தவசம், அதாவது உணவுத் தானியம், கடனாய் வாங்குவார். அன்று முதல் அவரும், மனைவியும், மக்களும், மக்களின் மக்களும் அந்த வீட்டின் ஆட்கள். வேலை முடிந்தால் கேழ்வரகுக் களி கிடைக்கும். ஊரைவிட்டுப் போனால் ஆள் வைத்துப் பிடித்து வருவார்கள். அடிமை முறை ஒழிந்தது என்று நாடு சொல்லிக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில்தான் இது நடந்தது. எங்கள் பாட்டனார் வாங்கிய தவசத்தை என் அம்மாவால் தம் இளமை முழுவதும் உழைத்தும் தீர்க்க முடியவில்லை.

அம்மாவுக்குத் தங்கை ஒருவர். எனக்குச் சின்னம்மா. தாயைச் சிறு வயதிலேயே இழந்த இருவரில் மூத்தவரே இளையவரை வளர்த்தார். சின்னம்மா நகைச்சுவை மிக்கவர். பெரிய வீட்டுக் காவல்காரர் நடப்பதுபோல் நடந்து காட்டி வரிசை முழுவதையும் சிரிக்கவைப்பார். பாட மட்டும் வராது. “தவளைக்கு இருக்கிற தொண்டைகூட அவளுக்கு இல்ல” என்று அம்மா சொல்வார். சின்னம்மாவை அதே வரிசையில் மணம் செய்து கொடுத்தார்கள். சித்தப்பா மாடு மேய்ப்பதில் கெட்டிக்காரர், பேச்சுக் குறைந்தவர்.

அம்மாவுக்கோ குரல் இருந்தது. பெரிய வீட்டிலோ அவர்தம் உறவிலோ சாவு விழுந்தால், வரிசைப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வெளியே வட்டமாய் அமர்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். வராதவர்க்கு மறுநாள் களி இல்லை. அழுகையும் ஜீதத்தில் அடக்கம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்புவார்கள். மிக இளம் வயதிலேயே அடி எடுத்துக் கொடுப்பவராக அம்மா ஆனார். சின்னம்மா கேலி செய்வாராம்: “நம்ம வூட்டுச் சாவுக்கு அழ நமக்கு நேரமில்ல. அவங்க வூட்டுச் சாவுக்கு மட்டும் கண்ணுல ஏரி வெச்சிருக்கணும், இல்லக்கா?”

அம்மாவின் தாய்மாமன் எல்லைக்கு அப்பால் மூங்கில் வண்டி ஓட்டிவந்தார். அங்கே முசுக்கொட்டைத் தோட்டம் வைத்துப் பட்டுப்பூச்சி வளர்க்கும் ஒருவர், வருகிறவர்களுக்குக் கூலி கொடுத்து வேலை தருவதாய்ச் சொன்னார் என்ற செய்தியை அவர்தாம் கொண்டுவந்தார். வரிசையிலிருந்து சில குடும்பங்கள் போவதென்று முடிவாயிற்று. பெரிய வீட்டார் ஊரில் இல்லாத ஒரு பகலில், ஏரிக்கரை வழியே, மாடு ஓட்டிப் போவதுபோல் போய்விடுவது. இதுதான் திட்டம். இரவில் ஆள் நடமாடினால் நாய் குரைக்கும். பகலில் மாட்டோடு போகிறவரை யாரும் கேட்கமாட்டார்கள்.

யாரோ காட்டிக்கொடுத்தார்கள். ஏரிக்கரை இறக்கத்தில், தாழம்புதருக்குப் பின்னால், இரண்டு ஆட்களைப் பெரிய வீடு உட்காரவைத்தது. கரைமேல் நடந்தால் தெரியாது. பக்கத்து உருளைக்கிழங்குக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரிந்தது. அதே நாளில், வரிசைக்காரர்கள் கூடிப் பேசக் கூடாது என்றும் கட்டளை வந்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு கொல்லைக்கு அனுப்பினார்கள். வழியை மாற்ற வேண்டும், வெள்ளைப் பாறை ஏறி மேற்கே இறங்க வேண்டும். இதனை எல்லாருக்கும் எப்படிச் சொல்வது?

அப்போது பெரிய வீட்டுக்காரனின் தாய் இறந்தார்.

கூடிப் பேசக் கூடாது என்றவனே கூடி அழச் சொல்லி ஆள் அனுப்பினான். காலையில் பெண்கள் வாசலில் அமர்ந்தார்கள். பறையடிப்பவர்கள் பக்கத்தில் நின்றார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசும் உறவினர்கள் வண்டி வண்டியாய் வந்து இறங்கினார்கள். அம்மா பாடிய பாட்டில் எனக்கு உறுதியாய்க் கிடைத்த பகுதி இது:

ஏரிக் கரைவழியே
என்னப்பெத்த ஆத்தா நீ போவாதே
ஏரிக் கரையெறக்கம்
ஈட்டிமுள்ளு பரப்பி வெச்சிருக்கு

வெள்ளப் பாறையேறி
மேக்கால நீ திரும்பு
பாறை எறங்கையில
பச்சமூங்கில் வண்டி நிக்கும்

காரியத் தன்னிக்கு
கருங்கல்லு காயும் உச்சியில
பொறந்தவூட்டுக் கோடியோட
பொன்னான மாமன் வந்து நிப்பான்

அம்மா ஒருமுறையும், பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறையும் இதை எனக்குச் சொன்னார்கள். அக்கா என்று நான் எழுதுபவர், அம்மாவின் குடிசைக்கு அடுத்த குடிசையில் வாழ்ந்தவர். எல்லாராலும் அப்படியே அழைக்கப்பட்டவர். “ஈட்டிமுள்” என்று அம்மா சொன்ன இடத்தில் அவர் “இலந்தமுள்” என்றார். முள் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

உறவுக்கார மூதாட்டி ஒருவர் இடையில் கேட்டாராம்: “ஏரிக்கரை மேலதான சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போவணும்? இவ என்ன போவாதேங்கறா?”

அதற்குப் பெரிய வீட்டுக்காரனே மறுமொழி சொன்னான். “உனக்கு ஒன்னும் தெரியாது அத்தே. ஒடம்பு போற வழி வேற, உசுரு போற வழி வேற. அவ உசுருக்குச் சொல்றா.” பிறகு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னான்: “ஏய், நிறுத்தாத. அந்த மாமன் வர்ற எடத்த இன்னொருக்கா சொல்லு. எங்கம்மாவுக்கு மாமன்னா உசுரு.”

அம்மா இன்னொருமுறை சொன்னார். வரிசைப் பெண்கள் இன்னொருமுறை வாங்கித் திருப்பினார்கள். தன் ஆட்கள் தன்னைவிட்டுப் போகும் வழியை, நேரத்தை, நாளை, அவன் தன் வாயாலேயே கேட்டு வாங்கி, ஊரறிய இருமுறை பாடவைத்தான். அழுது முடித்து அம்மாவுக்குப் புதுச் சேலை ஒன்றும் கொடுக்கச் செய்தான். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அம்மா எல்லையைக் கடந்தார். பிறகு அதைக் கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டார். அது நைந்து போகும்வரை எங்கள் வீட்டுத் தரை நன்றாய் இருந்தது.

திரும்பி வரும்போது அக்கா அம்மாவின் பக்கத்தில் நடந்தாராம்.

“ஏண்டி, கெழவிக்கு வழி சொன்னியா, எங்களுக்குச் சொன்னியா?”

“காது இருக்கறவங்களுக்குச் சொன்னேன்.”

“எனக்குக் காது இருக்குது. காலுதான் இல்ல. படுத்த படுக்கையா கெடக்கற மனுசன இழுத்துக்கினு நான் எந்தப் பாறை ஏற? நீங்க போங்க. யாராச்சும் கேட்டா நான் செவிடுன்னு சொல்லிக்கறேன்.”

காது இருந்தும் அந்தப் பாட்டைக் கேளாதவர் ஒருவர் இருந்தார். சின்னம்மா அப்போது நிறைமாதம். எங்கள் பக்கத்தில் மாசமாய் இருப்பவர் சாவு வீட்டுக்குப் போவதில்லை. ஒப்பாரி அவர் காதில் விழவும் கூடாது. அதனால் அன்று காலையிலேயே வரிசையின் கோடியில் இருந்த களத்துக் குடிசைக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். பாட்டு அவ்வளவு தூரம் வந்தாலும் கேட்காமலிருக்க, கேழ்வரகு அரைக்கும் கல்லைக் கொடுத்து, நிறுத்தாமல் அரைக்கச் சொன்னார்கள். சின்னம்மா பகல் முழுவதும் அரைத்தார்.

இது அம்மாவுக்குத் தெரியும். ஆயினும் சித்தப்பா பறையடிப்பவர்களோடு நின்றிருப்பார், அவர் கேட்டுச் சொல்லிவிடுவார் என்று அம்மா எண்ணிவிட்டார். சித்தப்பா அங்கே இல்லை. ராயக்கோட்டைப் பக்கத்து உறவினர்களுக்குச் சாவுச் செய்தி சொல்ல விடியற்காலையிலேயே அவரை நடக்கவைத்துவிட்டார்கள். பிணம் எரிந்த பிறகுதான் திரும்பினார். அதன்பின் அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்பாரி அடியை, சாவு விழாத வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் நினைக்கவும் மாட்டார்கள். எவருடைய கவனக் குறைவும் இதில் இல்லை. எல்லாரும் சின்னம்மாவையும் அவர் வயிற்றுப் பிள்ளையையும் காத்தார்கள். அந்தக் காவலே வழியை அவரிடமிருந்து மறைத்துவிட்டது.

அம்மா வேறு கொல்லையில் இருந்தார். தங்கையைப் பார்க்க விடவில்லை. அக்கா வழியாக ஒருமுறை மட்டும் சொல்லியனுப்பினார்: “காரியத்தன்னிக்கு உச்சியிலன்னு சொல்லு. வழி நெனவிருக்கான்னு கேளு.”

சின்னம்மாவின் மறுமொழியை அக்கா அப்படியே கொண்டுவந்தார். “நெனவில்லாம? வயித்தத் தூக்கிக்கினு நான் அவளுக்கு முன்னால போயி நிக்கறேன் பாருன்னு சொல்லு.”

அம்மா நினைத்தது பாறையை. சின்னம்மா நினைத்தது ஏரிக்கரையை.

காரியத்தன்று பெரிய வீட்டார் வண்டி கட்டித் தென்பெண்ணை ஆற்றங்கரைக்குப் போனார்கள். உச்சிப்பொழுதில் அம்மாவும் அப்பாவும், அம்மாவின் இடுப்பில் நானும், மற்றக் குடும்பத்தாரும் வெள்ளைப் பாறையைக் கடந்தோம். மறுபக்கம், வேறொரு மூங்கில் வண்டிக்காரர் வழியாகச் சொல்லியனுப்பியிருந்தபடி, மாமனின் வண்டி பச்சை மூங்கிலோடு நின்றது. எல்லாரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா உட்காரவில்லை என்று, அன்று உடன் வந்த பெரியவர் ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

“இன்னும் ரெண்டு பேரு வரணும் மாமா.”

“வருவாங்க. சும்னிரு.”

“அவ எனக்கு முன்னால வந்து நிக்கறேன்னு சொன்னா. மாசமா இருக்கறவ, மெதுவாத்தான் ஏறுவா.”

பொழுது சாய்ந்தது. அம்மா பாறையை நோக்கித் திரும்பி நடந்தபோது அப்பா கையைப் பிடித்தார். மாமன் என்னை அம்மாவின் இடுப்பிலிருந்து வாங்கி வண்டியில் வைத்து, “இவள யாரு வளப்பாங்க?” என்று மட்டும் கேட்டாராம். அம்மா வண்டியில் ஏறினார்.

ஏரிக்கரை இறக்கத்தில் சின்னம்மாவையும் சித்தப்பாவையும் பிடித்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து திரும்பியவன், வெள்ளைப் பாறையின் அடியில் வண்டித் தடத்தையும் உதிர்ந்து கிடந்த மூங்கில் இலையையும் பார்த்தான். தான் இருமுறை பாடச் சொன்னது எது என்று அப்போது அவனுக்கு விளங்கிற்று. அந்த வெட்கத்துக்கு அவனுக்கு ஓர் உடல் வேண்டியிருந்தது. இனி வருவது அக்கா நேரில் கண்டது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மற்றொருவரும் இதனை எனக்குத் தனியே சொன்னார்.

“பாடு” என்றான். “உங்கக்கா பாடினத நீ பாடு.”

“எனக்குத் தெரியாதுங்க. நான் கேக்கல.”

“ஊரே கேட்டுச்சு. உனக்குத் தெரியாதா?”

“நான் அன்னிக்கு ராகி அரைச்சிக்கினு இருந்தேனுங்க.”

அக்கா குறுக்கே போய்ச் சொன்னார்: “மாசமா இருக்கறவ சாமி. ஒப்பாரி கேக்கமாட்டா. உங்க வூட்லயும் அதான வழக்கம்?”

வழக்கம் அவனுக்குத் தெரியும். அவன் மனைவியையும் அப்படித்தான் காத்தார்கள். ஆனாலும் சின்னம்மா உண்மை சொல்கிறார் என்று ஒப்புக்கொண்டால், பாட்டுக்குள் வழி வைத்து அவனை ஏமாற்றியவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சின்னம்மாவை வைக்கோல் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதற்கு மேல் கண்ணால் கண்டவர் எவரும் என்னிடம் பேசியதில்லை.

சித்தப்பாவை அடித்தார்கள். அவர் அவ்வாண்டுக்குள் அதே வரிசையில் இறந்தார். அக்கா அவருக்குக் கஞ்சி ஊற்றினார். சின்னம்மாவைப் பற்றிப் பெரிய வீடு மூன்று விடை சொன்னது. பிள்ளைப் பேற்றில் இறந்தாள் என்றது அக்காவிடம். ஓடிப்போனாள் என்றது சித்தப்பாவிடம். எங்கள் அம்மாவிடமே அனுப்பிவிட்டோம் என்று, விசாரிக்கப் போன மாமனிடம் சொன்னது. உண்மை ஒன்றே என்றால் அதற்கு மூன்று வாய் தேவையில்லை.

அம்மாவும் அப்பாவும் முசுக்கொட்டைத் தோட்டத்தில் இலை பறித்தார்கள். அங்கே என் தம்பி பிறந்தான். நான் பள்ளி போகும் வயதில் ஓசூருக்கு வந்து, கல் உடைத்தும் கட்டட வேலை செய்தும் எங்களைப் படிக்கவைத்தார்கள். தமிழை முறையாகப் படிக்க வேண்டும் என்ற என் விருப்பத்துக்கு, எழுத்தறியாத அம்மா ஒருநாளும் தடை சொன்னதில்லை. வீட்டில் அம்மா பாடியதே இல்லை. தாலாட்டும் இல்லை. என் தம்பி பாட்டில்லாமல்தான் உறங்கினான்.

நாங்கள் ஊரைவிட்டு வந்து பத்தாண்டு முடியுமுன் பெரிய வீட்டுக்காரன் செத்தான். செய்தி ஓசூர்ச் சந்தையில் கிடைத்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தளி போகும் பேருந்தில் ஏறினார். “எங்கம்மா போறோம்?” என்றேன். “அழப் போறோம்” என்றார்.

இனி வருவது நான் கண்டது. சாவு வீட்டுக்கு அழ வரும் பெண்ணை எந்த வீட்டாரும் தடுக்கமாட்டார்கள். அவள் அழுகையை இடையில் நிறுத்தவும் மாட்டார்கள். நிறுத்தினால் போகிற உயிருக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அம்மா அதனை நன்கறிவார். வரிசைப் பெண்கள் ஒதுங்கி நடுவில் இடம் விட்டார்கள். அம்மா தலைமுடியை அவிழ்த்துப் பிணத்தின் முகத்துக்கு நேரே அமர்ந்து அடி எடுத்தார்.

போறவனே போறவனே
பூட்டிவெச்ச கதவு எது
எந்தங்கச்சி இருக்குமெடம்
எமனுக்காச்சும் சொல்லிப்போ

மாசம் நெறஞ்சிருந்த
மவராசி வயித்துக்கு
மண்ணு எங்க வெட்டினே
மறைக்காம சொல்லிப்போ

பெண்கள் வாங்கித் திருப்பினார்கள். “மறைக்காம சொல்லிப்போ” என்று அந்த வாசல் முழுவதும் கேட்டது. ராயக்கோட்டையிலிருந்து வந்திருந்த உறவினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “யாரு தங்கச்சி? எந்தக் கதவு?” என்று ஒரு பெண்மணி உரக்கவே கேட்டார். செத்தவனின் மகன் திண்டாடிப்போய்ப் பறையடிப்பவர்களைப் பார்த்துக் கத்தினார்.

“ஏய், என்னடா பாத்துக்கினு நிக்கறீங்க? அடிங்கடா!”

பறையடிப்பவர்களில் மூத்தவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். “தோலு தொய்ஞ்சி போச்சிங்க சாமி. சூடு காட்டணும்.”

“அடிக்கிற வெயில்ல தொய்யுதா?”

“மேட்டுப் பனிங்க. உள்ளுக்குள்ள இருக்குது.”

அவர்கள் வைக்கோலைக் கூட்டினார்கள். தீ மூட்டினார்கள். ஒவ்வொரு பறையாய்க் காட்டினார்கள், தட்டினார்கள், தலையசைத்தார்கள், மீண்டும் காட்டினார்கள். அவ்வளவு பொறுமையாய்ப் பறை காய்ச்சியதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அம்மா பாடி முடிக்கும்வரை ஒரு பறையும் சூடேறவில்லை. செத்தவன் பறை ஒலியில்லாமல், தன்மேல் ஏறிய கேள்வியோடு கிடந்தான். அவ்வாண்டு அந்த வீட்டில் பெண் கொடுக்கப் பேசியிருந்தவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். இதற்கும் எனக்குச் சான்று இருவர்.

நாங்கள் திரும்பும்போது செத்தவனின் மனைவி மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்து, “என்னக் கேக்காத. என்கிட்டயும் சொல்லல” என்றார். அம்மா நின்று அவர் முகத்தைப் பார்த்தார். “நீயும் கேட்டிருக்கணும்” என்றார். பழிவாங்கும் எண்ணம் நல்லோர்க்கு ஆகாது என்று அறநூல் பயின்ற நண்பர்கள் எனக்குச் சொல்வதுண்டு. நானும் பயின்றவள்தான். மன்னிக்கும் உரிமை சின்னம்மாவுக்கு உரியது. அவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அவர் மன்னித்தால் நானும் பேசாமலிருப்பேன்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, அமெரிக்க நாட்டில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் பாடல்களைப் பற்றிப் படித்தேன். ஆற்றைக் கடக்கச் சொல்லியும், விண்மீனைப் பார்த்து நடக்கச் சொல்லியும், தேர் வந்து நிற்கும் என்று சொல்லியும் இறைவனைப் பாடுவதுபோல் பாடினார்கள் என்றும், அப்பாடல்கள் தப்பிச் செல்பவர்க்கு வழி காட்டின என்றும் எழுதியிருந்தது. அவற்றுள் எவை உண்மையிலேயே வழிகாட்டின, எவை பிற்காலத்தார் அவ்வாறு எண்ணிக்கொண்டவை என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுகிறார்கள் என்றும் இருந்தது. வழி சொன்னவர்கள் எழுதிவைக்கவில்லை, எழுதிவைத்திருந்தால் பிடிபட்டிருப்பார்கள். அதனை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

“அங்க மாசமா இருக்கறவங்களும் அந்தப் பாட்டக் கேக்கலாமா?”

“கேக்கலாம்மா. அது சாமி பாட்டு.”

“நல்ல சனங்க” என்றார். “நானும் சாமி பாட்டா வெச்சிருக்கணும்.” இதற்கு நான் ஒருத்தியே சான்று.

அம்மாவின் கடைசி நாள்கள் ஓசூரில், தொழிற்சாலையில் பணிபுரியும் தம்பியின் வீட்டில் கழிந்தன. நினைவு தெளிவாய் இருந்தது. “எனக்கு யாரும் பாட வேணாம். அவ எங்க இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கு, அவளுக்குப் பாடுங்க” என்றார். அதனால் அவர் சாவுக்கு வந்த பெண்கள் வாய்மூடி அழுதார்கள். அவ்வாறு அழுவது எவ்வளவு கடினம் என்று வந்தவர்கள் அறிவீர்கள்.

அன்று பெரிய வீட்டின் பேரன் காரில் வந்து பெரிய மாலையோடு இறங்கினார். “எங்க வூட்டுப் புள்ள மாதிரி வளந்தவங்க. எங்க கொள்ளுப் பாட்டிக்கு இவங்க பாடின பாட்டப் பத்தி இன்னும் வீட்ல பேசுவாங்க” என்றார்.

“உங்க தாத்தாவுக்குப் பாடினதப் பத்தியும் பேசுவாங்களா?” என்று கேட்டேன்.

அவர் மாலையைப் பார்த்தார். “பழைய விசயங்க டீச்சர்...”

“மாலைய எடுத்துக்கினு போங்க தம்பி. உங்க வீட்ல வயசானவங்க இன்னும் இருக்காங்க. எங்க சின்னம்மா எங்கன்னு அவங்களைக் கேளுங்க. தெரிஞ்சா வெறுங்கையோட வாங்க, போதும்.”

இந்த ஓராண்டில் அவர் வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வண்டியோடு வந்து நின்ற மாமனின் மக்களுக்கும், கேள்வி கேளாமல் வேலை கொடுத்த முசுக்கொட்டைத் தோட்டத்தார் குடும்பத்துக்கும் எங்கள் வணக்கம். பயந்த காலத்திலும் குறுக்கே போய்ப் பேசிய, சாகும்வரை சான்று மாற்றாத பக்கத்து வீட்டு அக்காவை எங்கள் மக்களின் மக்களும் நினைப்பார்கள். பறை காய்ச்சிய அப்பெரியவர்களுக்கு எந்தச் சொல்லும் ஈடாகாது. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும், வாய்மூடி அழுத பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனித் தெரியாதவை. அம்மா பிறந்த ஆண்டு தெரியாது. முதல் திட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று தெரியாது. வைக்கோல் கொட்டகையின் கதவை மீண்டும் திறந்தவர் யார், எப்போது என்று தெரியாது. சின்னம்மா எங்கே புதைக்கப்பட்டார் என்று தெரியாது. புதைக்கப்பட்டாரா என்பதும் தெரியாது. அவர் வயிற்றுப் பிள்ளை பிறந்ததா என்று தெரியாது. பிறந்திருந்தால், அது ஆணா பெண்ணா, யாரிடம் வளர்ந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.